விளக்கு எரிகிறதா, பாப்பா?

மூணாறு, மேல் டிவிஷன் லயம்
9.11.2025, ஞாயிறு

அன்பு மகள் வினோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரும் எழுதித் தரவில்லை. என் கை, என் பேனா. எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். ஒரு வரி மலை ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. முப்பத்தெட்டு வருடம் டீ ஃபாக்டரி ரோலரில் தேயிலை அள்ளிப் போட்ட கை இது. பேனாவை மண்வெட்டி மாதிரி பிடிக்கிறேன் என்று கற்பகம் டீச்சர் சிரிக்கிறார். இந்தக் கடிதத்தை எழுத நாலு சாயங்காலம் ஆனது. உன் ஊர்ப் பெயரைக் கவரில் சரியாக எழுத வேண்டுமே என்று எருத்தேன்பதி, எருத்தேன்பதி என்று எட்டுத் தடவை நோட்டில் எழுதிப் பார்த்தேன். இப்போது என் பெயரைவிட உன் ஊர்ப் பெயர்தான் எனக்கு வேகமாக வருகிறது.

எழுத்தறிவு வகுப்பில் பதினோரு பேர். பத்துப் பேர் பெண்கள். முதல் நாள் நான் வாசலில் நின்றபோது, "என்ன மொக்கையண்ணே, கொழுந்து எடுக்க வந்தியளா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். எனக்குக் கேட்கவில்லை. அதனால் வெட்கப்படவும் இல்லை. நேராகப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அறுபத்தாறு வயதில் எதற்குப் படிப்பு என்று உன் அம்மாவும் கேட்டாள். போனில் நீ பேசினால் எனக்குக் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது. நீ அனுப்பும் செய்தியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வாசிக்கச் சொன்னால், உன் வயிற்றுவலிகூட லயம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. இனி அது வேண்டாம். நீ எழுது, நான் படிக்கிறேன். நடுவில் ஒருவரும் இல்லை. இதை எழுதும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது பாப்பா.

இப்போது முக்கியமான விஷயம். விமானம் ஓட்டிப் பழகும்போது காதுமூடியைப் போடுகிறாயா? அதை வாங்கி வந்த அன்று எனக்குப் போட்டுக் காட்டினாய். வயரில் தொங்கும் சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. இது எரியும் வரைக்கும் என்ஜின் இரைச்சல் காதுக்கு வராது என்று சொன்னாய். எனக்கு அப்படி ஒரு விளக்கு ரோலர் ரூமில் இருந்திருந்தால் இன்று உன் குரல் கேட்டிருக்கும். அதனால்தான் முனியாண்டி முன்னால் உன்னைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். என்ஜின் ஓடும்போது பச்சை விளக்கை அணைக்க மாட்டேன், காதை வெறுமையாக விடமாட்டேன் என்று நீ சொன்னாய். மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து முனியாண்டி அரிவாளில் கட்டினோம். முடிச்சு அங்கேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்க்கிறேன்.

விளக்கு எரிகிறதா, பாப்பா? அதை மட்டுமாவது எழுது.

உன் அப்பா,
மொக்கையன்


எருத்தேன்பதி
15.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கீழே கடையில் தபால்காரரிடமிருந்து வாங்கிய வீட்டுக்கார நபீஸா அக்கா அதை மாடிக்குக் கொண்டுவந்து, "ஏம்மிணி, ஆருங்க இது எழுதுனது? பேனாவுல எழுதுனாங்களா, கடப்பாரையிலயா?" என்று கேட்டார். "எங்கப்பா" என்றேன். கவரை வாங்கித் திரும்பப் பார்த்தார். "அப்ப நல்லாத்தாங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அழுதேன் அப்பா. ஏன் என்று தெரியவில்லை. கோணல் ஒன்றும் இல்லை, எல்லா எழுத்தும் படிக்க முடிந்தது.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்த மாதம் அதிகம். அதனால் இந்த வாரம் பறக்கவில்லை. விமானங்களைக் கொட்டகையில் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

விளக்கு எரிகிறது. மாற்று பாட்டரி இரண்டு எப்போதும் என் பையில் இருக்கிறது. பை இருக்கைக்குப் பின்னால் இருக்கும்.

அம்மாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். பெரிதாக எழுத நேரமில்லை.

வினோ


மூணாறு, மேல் டிவிஷன் லயம்
23.11.2025, ஞாயிறு

அன்பு மகள் வினோவுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். முதலில் விரல் வைத்துப் படித்தேன். பிறகு விரல் இல்லாமல். பிறகு உன் அம்மாவை உட்கார வைத்து வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவள் கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். சந்தோஷம் தாங்காமல் ஆட்டுகிறாள் என்று நினைத்து இன்னொரு தடவை படித்தேன்.

இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். இப்போது மற்றதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை வகுப்புக்கு டீச்சர் பழைய பேப்பர்க் கட்டு கொண்டுவந்தார். ஆளுக்கு ஒன்று எடுத்து, தெரிந்த சொல்லின் கீழே கோடு போடச் சொன்னார். நான் எடுத்த தாளில் உள்பக்கத்தில், கீழ் மூலையில், எருத்தேன்பதி என்று இருந்தது. நான் தேடவில்லை. அதுவாகக் கண்ணில் வந்து விழுந்தது. எட்டுத் தடவை எழுதிய சொல் அல்லவா. டீச்சரைக் கூப்பிட்டு, என் மகள் ஊர், என் மகள் ஊர் என்று காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பக்கத்துச் சொற்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

எருத்தேன்பதி அருகே சோளக்காட்டில் விழுந்த பயிற்சி விமானம். அதைப் படிக்கவே வெகுநேரம் ஆனது. அதன் கீழே, தனியாக ஓட்டிய 22 வயது மாணவி உயிர், என்று இருந்தது. அங்கே வரி முடிந்துவிட்டது. அடுத்த சொல் கீழ் வரியில் இருந்தது. என் விரல் கீழே இறங்க மறுத்தது பாப்பா. எழுத்து தெரிந்தவன் ஒரே பார்வையில் படித்துவிடுவான். நான் த, ப், பி என்று ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். தப்பினார் என்று முடிவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன்.

நான் முதன்முதலில் சொந்தமாகப் படித்த செய்தி அது.

அந்தத் தாளின் தேதி 12. விழுந்தது 11. நீ எனக்கு எழுதியது 15. நாலு நாள் கழித்து எழுதியிருக்கிறாய், விமானத்தைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று. அங்கே பறப்பவர்களில் எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேருக்கு இருபத்திரண்டு வயது என்று எனக்குத் தெரியாது. அது நீ இல்லை என்று எழுது. அல்லது நீதான் என்று எழுது. எதுவானாலும் உன் கையால் எழுது.

உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பேப்பரை மடித்துத் தலைகாணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவள் விரித்துப் பார்த்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதை நினைத்து நிம்மதியாக இருக்கிறது. நிம்மதிப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

உனக்கு அடி பட்டதா? விளக்கு எரிந்ததா?

அப்பா


எருத்தேன்பதி
29.11.2025

அப்பா,

அது நான்தான். அடி படவில்லை. இருக்கைப் பட்டை இழுத்ததில் தோளில் ஒரு கன்றல் இருந்தது, அதுவும் போய்விட்டது.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இந்த முறை கிழிக்க மாட்டேன். மெதுவாகப் படியுங்கள்.

11-ஆம் தேதி காலை ஒன்பது மணி. நான் தனியாகப் பறந்த ஐந்தாவது நாள். நீங்கள் சொல்லும் காதுமூடியை, ஹெட்செட்டை, போட்டிருந்தேன், விளக்கு எரிந்தது. உள்ளே வழக்கம்போல அமைதி. ரேடியோவில் பேசுவது மட்டும் கேட்டது. எருத்தேன்பதிக்கு மேலே திரும்பும்போது, காதுக்குள் பாறை உருண்ட மாதிரி ஓர் இரைச்சல் எழுந்தது. நிற்கவே இல்லை. என்ஜின் உடைகிறது என்று நினைத்தேன். எதிரே இருந்த மானிகளைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் எல்லாம் சரியாக இருப்பது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கை தானாக வேகத்தைக் குறைத்தது. கீழே அறுத்து முடித்த சோளக்காடு தெரிந்தது. அதில் இறக்கினேன். முன்சக்கரம் வாய்க்காலில் விழுந்து மடங்கியது. காற்றாடி மண்ணைக் குத்தி வளைந்தது.

காட்டுக்காரரும் அவர் மனைவியும் ஓடிவந்தார்கள். அந்த அக்கா என் தலையில் ஒரு குடம் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டார். காட்டுக்காரர் விமானத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதை ஓட்டிட்டு வந்தவரு எங்கீங்க?"

"நான்தாங்க."

"அட, நீங்களேவா! அப்பறம் எதுக்குங்க இங்க எறக்குனீங்க?"

"என்ஜின்ல சத்தம் வந்துச்சுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். "இல்லீங்களே. நல்லாத்தானுங்க சத்தம் வந்துது. தெனமும் எங்க காட்டு மேல போற மாதிரியேதானுங்க வந்துது."

அப்போதுதான் விளக்கைப் பார்த்தேன். அணைந்திருந்தது. பாட்டரி தீர்ந்திருந்தது. நான் கேட்டது உடைகிற சத்தம் இல்லை அப்பா, ஓடுகிற சத்தம். ஐந்து மாதமாக நான் ஏறி உட்கார்ந்த விமானம் இயல்பாகப் போடும் சத்தம். சோளக்காட்டில் வேலை செய்கிறவருக்குத் தெரிந்த அந்தச் சத்தம் அதை ஓட்டுகிற எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஓடுதளத்துக்குப் போகும் முன் நிறுத்தி, என்ஜினை வேகமாக ஓட்டி, ஹெட்செட்டில் இரைச்சலை அடக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். என்ஜின் எப்படி ஓடுகிறது என்று காதுக்குத் தெரிய வேண்டும். எச்சரிக்கை ஊதல் ஒன்று உண்டு, அது ரேடியோ வழியாக வராது. அதுவும் ஹெட்செட்டைத் தாண்டிக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டரியைச் சோதிக்க வேண்டும். மாற்று பாட்டரி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நடுவானில் அது தீர்ந்துபோனால் பயம் வரக்கூடாது என்பதற்காக, சுவிட்சை அணைத்தே சில நாள் பறந்து பழக வேண்டும். மற்ற பிள்ளைகள் பள்ளியின் பழைய ஹெட்செட் போடுகிறார்கள். அதில் இரைச்சல் கொஞ்சம் வந்துகொண்டேதான் இருக்கும். அவர்களுக்கு அது பழக்கம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு ஓட்டச் சொல்லித்தரும் கேப்டன் ராஜசேகர் சார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சுவிட்சின் மேல் விரலை வைப்பேன். அழுத்த மாட்டேன். சோதனைத் தாளில் சரி என்று குறி போடுவேன். தினமும் அப்படித்தான். சுவிட்சைத் தொடும்போதெல்லாம் சூடம்தான் ஞாபகம் வரும். உள்ளங்கை சுடும்.

இதற்கு மேல்தான் எழுத முடியாமல் கிழித்தேன். பள்ளி ஜீப் வருவதற்குள் நான் பையை எடுத்துப் புதுப் பாட்டரி போட்டுவிட்டேன். விளக்கு மறுபடி எரிந்தது. கேப்டன் வந்து கேட்டபோது என்ஜின் கரகரத்தது என்றேன். முந்தின நாள் சாயங்காலம் அந்த என்ஜினைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் மெக்கானிக் ஜோபி அண்ணன். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவரைத்தான் கேட்கிறார்கள். பதினெட்டு நாள் ஆகிறது.

உண்மையைச் சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். உதவித்தொகை நின்றுவிடும். சொல்லாவிட்டால் சாப்பிட முடியவில்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பொய். சொல்கிறேன். எனக்கு எது நல்லது என்று நீங்கள் கேட்டிருக்கலாம். அந்த விளக்கு எதற்கு எரிகிறது என்று முழுதாகக் கேட்டிருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சூடத்தில் வைத்தீர்கள்.

என்ன செய்ய அப்பா?

வினோ


மூணாறு, மேல் டிவிஷன் லயம்
4.12.2025, வியாழன்

மகள் வினோவுக்கு,

ஞாயிறு வரை என்னால் பொறுக்க முடியவில்லை. முதலில் நான் செய்த இன்னொரு தப்பைச் சொல்கிறேன். அது உனக்கு உடனே தெரிய வேண்டும்.

உன் கடிதம் நேற்று வந்தது. அது நான்தான் என்ற வரியைப் படித்ததும் உன் அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவள் பழையபடி கையை மேலும் கீழும் ஆட்டினாள். நான் நிறுத்தவில்லை. ஜோபி என்று வந்த இடத்தில் அவள் எழுந்து வந்து என் வாயைப் பொத்திவிட்டாள். திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். அடுத்த லயத்து ஆட்களும் இருக்கிறார்கள். உன் அம்மா என் வலது காதில் வாயை வைத்துக் கத்தினாள்: "ஏ மனுசா, நீ படிக்கிறது ஃபாக்டரி சங்கு மாதிரி கேக்குதுய்யா! மெல்லமா படி, மெல்லமா படின்னுதானே கையை ஆட்டுறேன்!"

என் குரல் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது பாப்பா. எனக்குக் கேட்கிற அளவுக்குப் படித்தேன். நடுவில் ஒருவரும் வேண்டாம் என்று எழுதியவன் நான். உன் ரகசியத்தை நானே மலை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

நின்றவர்களில் ஜீப் ஓட்டும் ஷைஜுவும் ஒருவன். சனிக்கிழமை சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு உன் ஊர்ப் பக்கம் வாளையார் வரைக்கும் வருகிறான். நல்ல பையன்தான். ஆனால் அவன் வாயை நான் கட்டி வைக்க முடியாது. அந்தப் பேச்சு உன் கேப்டன் காதுக்குப் போவதற்கு முன்னால் நீ போக வேண்டும்.

நான் இப்படி எழுதுகிறேன் என்று என்னை நல்லவன் என்று நினைக்காதே. இந்தத் தாளின் மேலே அடித்திருக்கிறேன் பார், கறுப்பாக. அங்கே முதலில் யாரிடமும் சொல்லாதே என்றுதான் எழுதினேன். லயத்தில் பிறந்து விமானம் ஓட்டும் பிள்ளை நீ ஒருத்திதான். உன்னை இழக்க எனக்கு மனம் வரவில்லை. என்ன எழுதி என்ன அடிக்கிறிய என்று உன் அம்மா கேட்டாள். சொன்னேன். அவள் கிட்டே வந்து உட்கார்ந்தாள். பிறகு காதில் சொன்னாள்: "அந்த மெக்கானிக்கு பயலுக்கும் ஒரு ஆத்தா இருப்பாள்ல. அவ எந்தப் பேப்பரைத் தலைகாணிக்கு அடியில வச்சிருக்காளோ." அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பேப்பர் அங்கே இருப்பது. அப்புறம்தான் அடித்தேன்.

நீ என்னைக் குறை சொன்னது சரி. மிச்சத்தை மெல்லப் படித்துக் காட்டியபோதும் அந்த வரியை மட்டும் நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. கண்ணால் படித்தேன். விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். அது எதற்கு எரிகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நாளை வெள்ளி. கோயில் திறப்பார்கள். முடிச்சை அவிழ்க்கப் போகிறேன். நீ அதற்காகக் காத்திருக்காதே. போய்ச் சொல்.

அப்பா


எருத்தேன்பதி
10.12.2025

அப்பா,

திங்கட்கிழமை உங்கள் கடிதம் வந்தது. அன்றைக்கே போனேன்.

கேப்டன் சார் முழுதும் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாங்க கொடுத்த தாள்ல இருபத்திரண்டு வரி இருக்கு. உங்க முனியாண்டி எத்தனையாவது வரிம்மா?" என்று கேட்டார். பிறகு ஹெட்செட்டை வாங்கி, சுவிட்சை அணைத்து, அவரே காதில் போட்டுக் காட்டினார். "அணைச்சாலும் இந்த மெத்தை காதை மூடித்தானே இருக்கு? வெறும் காதோட யாரு உன்னைப் பறக்கச் சொன்னது? இதை உங்கப்பாகிட்ட நீ சொல்லியிருக்கணும்." ஆமாம் அப்பா, அது எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் அந்த விளக்கைப் பார்த்த பார்வையில் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. உங்கள் மேல் மட்டும் குற்றம் போட்டது தப்பு.

ஜோபி அண்ணனை அன்றே திரும்பக் கூப்பிட்டார்கள். கொட்டகையில் போய் நின்றேன். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அழுததும், "என்கிட்ட எதுக்கு மோளே மன்னிப்பு? என் என்ஜினைக் கள்ளன்னு சொல்லிட்டல்லோ நீ. அதுகிட்ட போய்க் கேளு" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

என்னை இன்னும் வெளியே அனுப்பவில்லை. அதுதான் கஷ்டம். 19-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணிக்குக் கேப்டன் என்னுடன் ஏறுவார். மேலே போனதும் ஏதோ ஒரு நேரத்தில், சொல்லாமல், என் ஹெட்செட் சுவிட்சை அணைப்பார். நான் மானியைப் பார்த்து, நிதானமாக ஓட்டி, திரும்பி வந்து இறக்க வேண்டும். கை நடுங்கினால் அன்றோடு முடிந்தது.

நேற்று ஜோபி அண்ணன் வெளியே நிற்க, விமானத்தைத் தரையிலேயே ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவை சுவிட்சை அணைத்தேன். மூன்று தடவையும் அதே பாறை உருண்டது. என்ஜின்தான், ஒன்றும் ஆகவில்லை என்று வாயால் சொல்கிறேன். கை கேட்கவில்லை. பத்து எண்ணுவதற்குள் மறுபடி போட்டுவிட்டேன். மூன்றாவது தடவை ஆறு எண்ணுவதற்குள்.

என்னால் முடியாது அப்பா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிவிடுவேன் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் சொல்லிக் கொழுந்துக் கூடை ஒன்று எடுத்து வையுங்கள்.

முடிச்சை அவிழ்த்தீர்களா? அது இன்னும் அங்கேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. அதனால்தான் கை கேட்கவில்லையோ என்று தோன்றுகிறது. படித்த பெண் இப்படி எழுதலாமா என்று சிரிக்காதீர்கள்.

வினோ


மூணாறு, மேல் டிவிஷன் லயம்
14.12.2025, ஞாயிறு

அன்பு மகள் வினோவுக்கு,

இந்த முறை எழுத்து முன்னைவிட மோசமாக இருக்கும். உள்ளங்கையில் துணி சுற்றியிருக்கிறது. பேனா விரல் நுனியில் நிற்கிறது. காரணம் சொல்கிறேன்.

நீ கேட்டதற்கு நான் சிரிக்கவில்லை. 5-ஆம் தேதி கோயிலுக்குப் போனேன். வார நாளில் ஜீப் ஓட்டிவிட்டு வெள்ளிக்கிழமை விபூதி பூசிக்கொள்ளும் அருண்பாண்டிதானே நம் பூசாரி. முடிச்சை அவிழ்க்கணும் என்றேன். "அது செல்லாது சித்தப்பா. சூடம் அணைச்சவதான் வந்து அவுக்கணும்" என்று கையை விரித்துக் காட்டினான். அவள் பாலக்காட்டில் இருக்கிறாள், வர முடியாது என்றேன். முனியாண்டிக்கு லீவு கிடையாது, வரும்போது பார்த்துக்கொள்வோம் என்றான். ஒரு வாரம் முழுக்கத் தூங்கவில்லை. நீ எழுதியிருந்தாயே, கையைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சூடத்தில் வைத்தீர்கள் என்று. அந்த வரியையே படித்துக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். அந்தச் சூடத்தை அணைத்தது அவள் கை இல்லை, அவள் கையைப் பிடித்த என் கை என்று சொன்னேன். நானே சூடம் ஏற்றினேன். பாதி எரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வலது கையை வைத்து அழுத்தி அணைத்தேன். அப்பா மூடன், தெரியாமல் கேட்டு வாங்கிய சத்தியம், அது முறிந்தால் குற்றம் என் தலையில் என்று சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. அடிவாரத்துக் கடையில் டீ குடித்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள் என்று உன் அம்மா சொல்கிறாள். அருண்பாண்டி அரிவாளைக் கழற்றி என் முன்னால் நீட்டினான். முடிச்சு மழையில் இறுகிப் போயிருந்தது. பல்லால்தான் அவிழ்த்தேன்.

அந்த மஞ்சள் துணி இந்தக் கவருக்குள் இருக்கிறது. விரித்துப் பார். முடிச்சு இல்லை. அந்த ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டேன். உன் கடிதம் நேற்று வந்தது. நீ கேட்டது என் கைக்கு வருவதற்கு முந்தின நாளே முடிச்சு போய்விட்டது பாப்பா.

கூடை கேட்டிருந்தாய். அந்த வரியை மெதுவாகத்தான் படித்துக் காட்டினேன், உதட்டை மட்டும் அசைத்து. உன் அம்மா எழுந்து போய், வீட்டில் இருந்த பழைய கூடையைப் பரண் மேல் தூக்கி எறிந்தாள். அவள் கைக்கு இனி அது எட்டாது. ஏணி வைத்தால்தான் எட்டும்.

நான் உனக்கு விமானம் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. உன் கேப்டன் சொன்னதுதான் சரி, ஜோபி சொன்னதும் சரி. எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்று, நான் ரோலர் ரூமுக்குப் போன முதல் நாள் வாசலிலிருந்து ஓடி வந்துவிட்டேன். இரண்டாம் நாளும் ஓடினேன். பிறகு ஓடவில்லை. அதைத் தவிர ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஃபாக்டரிக்குப் போகிறேன். வாட்ச்மேனிடம் சொல்லிவைத்துவிட்டேன். "உங்களுக்குத்தான் ஒண்ணும் கேக்காதே, அங்க போயி என்ன செய்யப் போறிய?" என்று உன் அம்மா கேட்டாள். ரோலர் ரூம் சுவரில் கை வைத்துக்கொண்டு நிற்பேன் என்றேன். ஓடுகிற மெஷினைச் சுவர் சொல்லும். வலது கையில் கட்டு இருக்கிறது, இடது கையை வைப்பேன். நீ இறங்கும் நேரம் எனக்குத் தெரியாது. அதனால் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வரும்வரை நிற்பேன்.

கேப்டன் அணைக்கும் வரைக்கும் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்காதே. மேலே போனதும் நீயே அவரிடம் சொல்லிவிட்டு, உன் விரலால் அந்த விளக்கை அணை. நான்தான் எரியச் சொன்னேன். நான்தான் அணைக்கச் சொல்கிறேன். புதுப் பாட்டரி இரண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள். பின்னால் பையில் வைக்காதே.

கை நடுங்கினால் நடுங்கட்டும். பஸ் ஏற வேண்டியிருந்தால் ஏறி வா. கதவைத் தட்டினால் எனக்குக் கேட்காது என்று வெளியே நிற்காதே, தள்ளிக்கொண்டு உள்ளே வா, தாழ்ப்பாள் போட மாட்டோம்.

நீ இங்கே வந்திருந்தாலும் அங்கே இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதுவேன். கவரில் எருத்தேன்பதி என்று இப்போதே எழுதி வைத்துவிட்டேன், கை ஆறும்வரை காத்திருக்கவில்லை. அந்தக் கடிதத்தில் விளக்கு எரிகிறதா என்று இருக்காது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன்.

உன் அப்பா,
மொக்கையன்